இங்க ஒரு கையெழுத்து

அணிக்குள் அவருக்குப் பெயர் கையெழுத்து அண்ணன். ஐம்பத்தாறு வயது ஆளை இருபது வயதுப் பையன்கள் அண்ணன் என்று கூப்பிடுவது நியாயமா என்று கேட்டால், அப்படிக் கூப்பிடச் சொன்னவரே அவர்தான். சார் என்றால் ஆபீஸ் மாதிரி இருக்கிறதாம், மாமா என்றால் தலைக்குச் சாயம் அடித்தது வீணாம். நாட்டின் இருபத்துமூன்று வயதுக்குட்பட்ட கால்பந்து அணிக்கு அவர் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பந்து சம்பந்தப்பட்டதெல்லாம் கோச்சின் வேலை. பேப்பர் சம்பந்தப்பட்டதெல்லாம் இவர் வேலை. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், ஓட்டல் அறை, டாக்டர் சான்றிதழ், ஆட்டத்துக்கு முன்னால் கொடுக்க வேண்டிய வீரர் பட்டியல், யாருக்கு எத்தனை மஞ்சள் அட்டை என்ற விவரம், எல்லாம் அவர் தலையில்.

பையன்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள், ஐஸ் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஒரு தாளோடு வந்து நிற்பார். தாளின் அடியில் ஓரமாக ஆள்காட்டி விரலை வைத்து, "இங்க ஒரு கையெழுத்து" என்பார். போட்டுவிடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தனும் கேட்டதில்லை. புதிதாக வந்த கோல்கீப்பர் ஒருமுறை தாளை வாங்கிப் படிக்கத் தொடங்கினான். "ஏன்டா, உன் வீட்டையா எழுதி வாங்கறேன்?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து அவனும் படிப்பதில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிழை கிடையாது. இதை அவரே சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். வேறொரு அணி விசா தேதியைப் பார்க்காமல் விமான நிலையத்தில் இரண்டு நாள் கிடந்த கதையைப் புதிதாக வருகிற ஒவ்வொரு பையனுக்கும் சொல்லி, "நம்ம கிட்ட அதெல்லாம் நடக்காது" என்று முடிப்பார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். கால்பந்துச் சங்கம் கொடுத்த லேப்டாப் பெட்டிக்குள் நிம்மதியாகத் தூங்கும், நோட்டுதான் அவருக்கு எல்லாம். அதில் வீரர்களின் பெயர் இருக்காது, முதுகில் போட்டிருக்கும் எண் இருக்காது. பட்டப்பெயர்தான், அதுவும் முதல் எழுத்து மட்டும். ஒட்டகம் என்றால் 'ஒ'. பூட்டு என்றால் 'பூ'. பூட்டுதான் அந்தக் கோல்கீப்பர். பட்டப்பெயர்களில் பாதி அவர் வைத்தவை. எண்ணை வைத்து ஆளைப் பார்ப்பது ஜெயில்காரன் வேலை, பிள்ளைகளை நான் அப்படிப் பார்க்க மாட்டேன் என்று அதில் ஒரு பெருமை வேறு.

அந்தப் பெருமைதான் குழி தோண்டியது. சொன்னால் சிரிப்பு வரும். ஒரு நாட்டின் ஒலிம்பிக்ஸ் ஒரே ஒரு எழுத்தில் போயிற்று. அந்த எழுத்து 'கு'.

அணியில் குள்ளன் என்று ஒருத்தன், குருவி என்று ஒருத்தன். குள்ளன் இடது ஓரத்தில் ஓடுகிறவன், கையில் சிக்காதவன். வீட்டில் அம்மா மட்டும்தான். அவள் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். குருவி நடுக்களத்தில் ஆடுகிறவன், ஒல்லி, வாய் ஓயாது. இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே சோப்பு, ஒரே செருப்பு என்று கோச் கிண்டல் செய்வார். மைதானத்திலும் ஒருத்தனுக்கு ஏதாவது என்றால் அடுத்தவன் பக்கத்தில் போய் நிற்பான்.

ஒலிம்பிக்ஸுக்குப் போக மூன்று ஆட்டங்கள் பாக்கி இருந்தன. நான்கு நாடுகள், அதில் முதலிடம் பிடிக்கும் ஒரு நாட்டுக்குத்தான் வாய்ப்பு. கால்பந்தில் இந்த நாடு ஒலிம்பிக்ஸ் வாசலைக்கூட மிதித்ததில்லை. முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அதில் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்ததற்காகக் குள்ளனுக்கு ஒரு மஞ்சள் அட்டை. இரண்டு மஞ்சள் அட்டை வாங்கினவன் அடுத்த ஆட்டத்தில் ஆடக் கூடாது என்பது விதி.

இரண்டாவது ஆட்டத்தில் மழை என்றால் மழை, அப்படி ஒரு மழை. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது மைதானத்தின் அந்தக் கோடியில் தள்ளுமுள்ளு. ஏழெட்டுப் பேர் சேறும் சகதியுமாக ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்க, நடுவர் கும்பலுக்குள் கையை உயர்த்தி மஞ்சள் அட்டையைக் காட்டினார். குள்ளனும் குருவியும் தோளோடு தோள் நின்றுகொண்டிருந்தார்கள். அட்டை யாருக்கு என்று அந்த இரண்டு பேருக்கே தெரியவில்லை. மேனேஜருக்கு மட்டும் தெரிந்தது. ஓரத்தில் இருந்த நான்காவது நடுவரிடம் ஓடிப்போய்க் கேட்டார், அவர் பதினேழு என்றார். பதினேழு குள்ளன். பிளாஸ்டிக் உறையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நனைந்த நோட்டில், 'கு, மஞ்சள்' என்று எழுதினார். பதினேழு என்று எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. அதற்குள் விசில் அடித்துவிட்டார்கள், ஆட்டம் சமம், இனி கடைசி ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள், பதினேழு அவர் மண்டையிலிருந்து மழையோடு போய்விட்டது.

அடுத்த நாள் சாவகாசமாக உட்கார்ந்து நோட்டைப் பார்த்தபோது, 'கு' என்றால் குருவி என்று தோன்றியது. குருவிதானே வாய்த்துடுக்கு, குருவிதானே நடுவரிடம் ஏதாவது சொல்லியிருப்பான். ஆக, குள்ளனுக்கு ஒன்று, குருவிக்கு ஒன்று. யாருக்கும் தடை இல்லை. போட்டி அலுவலகம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு யார் யாருக்கு என்ன அட்டை என்று அச்சடித்த தாள் ஒன்றை உறையில் போட்டு அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகும். அதை எடுத்தார். பிரிக்கவில்லை. கோப்பில் சொருகிவிட்டார்.

கடைசி ஆட்டத்தன்று காலை, சாப்பாட்டு அறையில் குள்ளன் தட்டை வைத்துவிட்டு அவர் மேஜைக்கு வந்தான்.

"அண்ணே, அன்னைக்கு மழையில காட்டின கார்டு எனக்கா, குருவிக்கா? எனக்குன்னா ரெண்டு ஆயிடுமே."

"நீ பந்தைப் பாரு. பேப்பரை நான் பாக்கறேன்."

"இல்லண்ணே, ஒரு தடவை பாத்துட்டா..."

"இருபத்திரண்டு வருஷமா நான் என்ன இங்க மாவாட்டிக்கிட்டு இருந்தேனா?"

மேஜைகளில் சிரிப்பு. குள்ளனும் சிரித்துவிட்டுப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டான். இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் அவர் தன்னையே நொந்துகொண்டது இதற்காகத்தான். பையன் கேட்டதும் அவர் நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. நோட்டு சட்டைப் பையில் இருந்தது, கோப்பு நாற்காலிக்கு அடியில் இருந்தது, உறை அதற்குள் இருந்தது. குனிந்து எடுத்துப் பிரிக்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் அத்தனை பேர் சிரித்த பிறகு குனிந்து எடுத்தால் என்ன அர்த்தம்? கையெழுத்து அண்ணனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். ரொட்டியில் வெண்ணெயைத் தடவிச் சாப்பிட்டார். பட்டியலில் பதினேழாம் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஜெயித்தார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். கோல் போட்டது யார் என்று சொல்ல வேண்டுமா? குள்ளன்தான். இடது ஓரத்தில் இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டு உள்ளே நுழைந்து, கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவில் தள்ளினான். ஆட்டம் முடிந்ததும் கோச் புல்லில் குப்புறப் படுத்து அழுதார். பையன்கள் கோச்சைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள், அடுத்து மேனேஜரைத் தூக்கினார்கள். தொண்ணூறு கிலோ. பூட்டுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, ஆனாலும் விடவில்லை. பேப்பர் கோப்பு கசங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் ஆகாயத்துக்குப் போய்ப் போய் வந்தார். வாழ்க்கையில் அவரை யாரும் அப்படித் தூக்கியதில்லை.

பஸ்ஸில் இரண்டு போன் வந்தன. ஒன்று அவர் மனைவி. தெருவில் உள்ள எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டதாம், ஒலிம்பிக்ஸுக்குப் பழைய பெட்டியோடு போனால் மானம் போய்விடும் என்று சக்கரம் வைத்த புதுப் பெட்டி ஒன்றும் வாங்கியாகிவிட்டதாம். இன்னொன்று குள்ளனின் அம்மா. வேலை நேரத்தில் பேசுகிறாள், பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிற சத்தம். மகன் போனை எடுக்கவில்லை, அதனால்தான் உங்களுக்குப் போட்டேன், ஒரு நிமிஷம் பேசிக்கிறேன் என்றாள். "உங்க கையிலதான் அவனை ஒப்படைச்சேன். நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அவர் பெரிய மனுஷத்தனமாக, "நம்ம பையன்மா அவன்" என்றார்.

எதிரணியிலும் ஒரு மேனேஜர் இருந்தார். அவர் பேப்பரைப் படிக்கிறவர். ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்திலேயே புகாரை எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு ஓட்டல் வரவேற்பறையில் தீர்ப்பு வந்து காத்திருந்தது. இரண்டு மஞ்சள் அட்டை பெற்ற பதினேழாம் எண் வீரர் ஆடத் தகுதியில்லாதவர். ஆட்டம் எதிரணிக்கு மூன்றுக்குப் பூஜ்யம் என்று கொடுக்கப்படுகிறது. ஒலிம்பிக்ஸுக்கு அவர்கள் போகிறார்கள்.

மேனேஜர் தாளை மூன்று முறை படித்தார். அறைக்குப் போய், கதவைத் தாழிட்டு, கோப்பிலிருந்து அந்த உறையை எடுத்துப் பிரித்தார். பதினேழு, மஞ்சள், எண்பத்தெட்டாவது நிமிஷம். பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி அச்சடித்திருந்தார்கள். நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். 'கு'. அதைப் பார்த்ததும் நான்காவது நடுவரின் குரலே காதில் கேட்டது. கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. தரை எங்கே பிளக்கிறது, நாலாவது மாடி.

சங்கத்தின் செயலாளர் வெற்றி விழாவுக்கென்று கோட்டு சூட்டோடு விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். அவர் அறையில் கூடினார்கள். கோச் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றவர் திரும்பவே இல்லை. செயலாளர் கத்துவார் என்று மேனேஜர் எதிர்பார்த்தார். கத்தவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார். அப்பீல் செய்ய மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது என்றார். அணி ஏமாற்றவில்லை, அணியையே ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்று காட்டினால், தண்டனையை அந்த ஒருவனோடு நிறுத்தி ஆட்டத்தைத் திரும்ப ஆடச் சொல்லவும் கூடும் என்றார். பிறகு மேனேஜரைப் பார்த்தார்.

"அந்தப் பையன் தனக்கு ரெண்டு கார்டு இருக்குன்னு உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

கேள்வியா அது? வழுக்கிவிடத் தரையில் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி. மேனேஜரின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"சொல்லல."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. திருப்பி எடுக்க இரண்டு விநாடி இருந்தது. அந்த இரண்டு விநாடியில் செயலாளர், "அப்ப சரி, அவன்கிட்ட அப்படியே எழுதி வாங்கிடுங்க. சின்ன வயசு, ரெண்டு வருஷம் தடை போடுவாங்க, திரும்பி வந்துடுவான்" என்று சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவிட்டார். மற்ற இருபத்திரண்டு பிள்ளைகளுக்காக ஒருத்தன் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று மேனேஜர் படியிறங்கும்போது தனக்குள் பேசிக்கொண்டார். நல்ல வாதம்தான். ஆனால் அந்த வாதம் அவருக்குத் தோன்றியது 'சொல்லல' என்று சொன்ன பிறகு. சொல்லும்போது இருபத்திரண்டு பேர் ஞாபகம் இல்லை, இருபத்திரண்டு வருடம்தான் ஞாபகம் இருந்தது.

கீழே விருந்தினர்களுக்கென்று வைத்திருந்த கம்ப்யூட்டரில் அவரே தட்டச்சு செய்தார். எனக்கு இரண்டு மஞ்சள் அட்டைகள் இருப்பது எனக்குத் தெரியும். ஆட வேண்டும் என்ற ஆசையில் அதை அணி நிர்வாகத்திடம் மறைத்தேன். இதற்கு நானே பொறுப்பு. மூன்று வரி. மூன்று வரியில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை காகிதத்தில் பூனை வரைந்துகொண்டு, அவர் அச்சு எடுக்கும் வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குள்ளனின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. குருவி இல்லை. குள்ளன் கட்டில் நுனியில் உட்கார்ந்து பூட்ஸில் இருந்த மண்ணை ஓட்டல் ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தான். தரையில் செய்தித்தாளை விரித்திருந்தான், மண் கம்பளத்தில் விழக் கூடாதாம். நேற்றைய மண். அவரைக் கண்டதும் எழுந்தான். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, என்னால உங்களுக்குக் கெட்ட பேரு வந்துடுச்சுண்ணே" என்றான்.

மேனேஜர் கதவுப் பக்கமே நின்றார். பையனே பேசினான். உங்களுக்கு ஆயிரம் வேலை, நான்தான் விடாமல் கேட்டிருக்க வேண்டும், கோச்சிடமாவது கேட்டிருக்க வேண்டும், எல்லோரும் சிரித்தார்கள் என்று பேசாமல் போய்விட்டேன் என்றான். குருவி அழுதுகொண்டு மாடிக்குப் போனவன் இன்னும் வரவில்லை என்றான். அம்மா நாலு முறை கூப்பிட்டாள், எடுக்கத் தைரியம் இல்லை என்றான். சொல்லிவிட்டு, அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான்.

"இதுல போடணுமாண்ணே?"

மேனேஜர் தாளைப் பூட்ஸ் பெட்டியின் மேல் வைத்தார். பேனாவைக் கொடுத்தார். அவருடைய ஆள்காட்டி விரல், யாரும் சொல்லாமலே, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் தானே போய்த் தாளின் அடியில் உட்கார்ந்துகொண்டது. பையன் அந்த விரலைத்தான் பார்த்தான். அதற்கு மேலே இருந்த மூன்று வரியைப் பார்க்கவே இல்லை. குனிந்து, பேனாவை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டான்.

நல்லவன் கெட்டவன் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. தன் விரலைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது. நகத்தை அழகாக வெட்டி வைத்திருந்தார்.

"இரு. படிச்சுட்டுப் போடு."

பையன் புரியாமல் நிமிர்ந்தான். "நீங்க எழுதினதுதானே அண்ணே?"

"படிடா."

படித்தான். உதடு அசைய, மெதுவாக, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி. இரண்டாவது வரியில் நின்றான். மறுபடி முதலிலிருந்து படித்தான். பேனாவை மூடினான். கத்துவான் என்றுதான் அவர் நினைத்தார், கத்தியிருந்தால் தேவலை.

"நான் உங்ககிட்ட கேட்டேனே, அண்ணே."

தனக்கே சந்தேகம் வந்துவிட்ட குரல். ஒருவேளை கேட்கவில்லையோ, கனவு கண்டேனோ என்கிற குரல். அண்ணன் தப்பாக எழுத மாட்டார் என்றால், தன் ஞாபகம்தான் தப்பாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தான்.

"கேட்டே" என்றார் மேனேஜர். "காலையில, சாப்பாட்டு ரூம்ல. ரெண்டு தடவை கேட்டே."

தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், நோட்டுக்குப் பக்கத்தில். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் பையன் உடனே பரவாயில்லை அண்ணே என்பான், அது நிச்சயம். அதை வாங்கிக்கொள்ள அவருக்கு முகம் இல்லை.

செயலாளரிடம் போய்ச் சொன்னார். உறையைப் பிரிக்காமல் சொருகியது, பையன் கேட்டது, தான் நக்கலடித்தது, இதே அறையில் பொய் சொன்னது, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். இந்த முறை செயலாளர் கத்தினார். அந்தத் தாள் ஒன்றுதான் இருந்த ஒரே வழி, அதையும் கெடுத்துவிட்டு வந்து நிற்கிறீரே, உமக்கு மனசாட்சி வருவதற்கு வேறு நாள் கிடைக்கவில்லையா என்றார். அதில் ஒரு நியாயம் இருந்ததும் மேனேஜருக்குத் தெரிந்தது. தன் பிழை என்று தன் பெயரிலேயே அப்பீல் எழுதிக் கொடுத்தார். போட்டி அலுவலகம் ஆறு மணிக்கே பதில் அனுப்பிவிட்டது. அணியின் பிழைக்கு அணியே பொறுப்பு, ஏற்பதற்கில்லை. இரண்டு வரி.

கோச் அப்போதுதான் முதன்முறையாகப் பேசினார். பிள்ளைகளிடம் யார் சொல்வது என்று கேட்டார். மேனேஜர், நான்தான் என்றார்.

சாப்பாட்டு அறையில் இருபத்துமூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நேற்று அவர்களுக்காகக் கட்டிய பலூன்கள் மூலையில் இன்னும் இருந்தன, ஓட்டல்காரர்கள் எடுக்க மறந்துவிட்டார்கள், அல்லது எடுக்கச் சங்கடப்பட்டார்கள். மேனேஜர் எழுந்து நின்றார். வழக்கமாக ஸ்பூனால் டம்ளரைத் தட்டித்தான் பேச ஆரம்பிப்பார். தட்டவில்லை, அதற்குள்ளாகவே அறை அமைதியாகிவிட்டது.

"குள்ளன் மேல தப்பு இல்ல. அவன் எங்கிட்ட கேட்டான். நான் பாக்கல. அப்புறம், அவன் கேக்கவே இல்லன்னு பொய்யும் சொன்னேன். அவன்கிட்ட அதை எழுதி வாங்கவும் போனேன்."

 யாராவது தட்டை விட்டெறிவார்கள் என்று காத்திருந்தார். குருவியைப் பார்த்தார், ஓயாத அந்த வாய் இறுக மூடியிருந்தது. ஒட்டகம் மேஜைத் துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். கடைசியில் பூட்டுதான் பேசினான், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சண்டைக்கு இல்லை, நிஜமாகவே விளங்காத மாதிரி.

"நேத்து உங்களைத் தூக்கினோமேண்ணே."

அவர் தலையை ஆட்டினார். உட்காரலாமா, போகலாமா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பையன்கள் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்டது. அவர் தம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் சாப்பிட்டு முடியும் வரை நின்றார்.

மனைவிக்குப் போன் செய்து சொன்னார்.  அவள், புதுப் பெட்டியைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டானே என்றாள். பிறகு, சரி, வீட்டுக்கு வந்து சேருங்கள் என்றாள். குள்ளனின் அம்மாவிடமிருந்து போன் வரவில்லை. வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தார், வராததும் உறுத்தியது.

மறுநாள் காலை விமான நிலையம். வேலை போய்விட்டது, அதை ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று செயலாளர் சொல்லியாகிவிட்டது. ஆனால் இருபத்துமூன்று பாஸ்போர்ட்டும் இவர் கைப்பையில்தான் இருந்தன, அதனால் கடைசியாக ஒருமுறை அவர்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வரிசை ஆரம்பிக்கும் இடத்தில், கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பாஸ்போர்ட், அதற்குள் சொருகிய போர்டிங் பாஸ். ஒவ்வொருவனாக வந்தான்.

இத்தனை வருடமும் பையன்கள் அதை வாங்கிய வேகத்தில் பின்பாக்கெட்டில் சொருகிக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போவார்கள். அவர்தான் பின்னாலேயே, தொலைச்சுடாதீங்கடா என்று கத்திக்கொண்டு ஓடுவார். இன்று ஒட்டகம் வாங்கினான், இரண்டடி தள்ளிப் போனான், முதுகைக் காட்டி நின்று, பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தான். தன்னுடையதுதானா என்று. அடுத்தவனும் தள்ளிப் போய்த் திரும்பி நின்று பார்த்தான். பூட்டு தூணுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். குருவி நடந்துகொண்டே, யாருக்கும் தெரியாத மாதிரி சட்டைக்கு உள்பக்கமாகப் பிடித்துப் பார்த்தான். அவர் பார்த்துவிட்டால் புண்படுவார் என்று மறைத்துக்கொண்டு பார்த்தார்கள். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. கைப்பைக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.

கடைசியில் குள்ளன். தோளில் பை, கையில் செய்தித்தாளில் சுற்றிய பூட்ஸ். அவர் நீட்டினார், நிமிர்ந்து பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு அவன் நகரவில்லை. பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவருக்கு எதிரிலேயே நின்று பாஸ்போர்ட்டைத் திறந்தான். படத்தைப் பார்த்தான். பெயரில் விரலை வைத்து உதடு அசையப் படித்தான். பிறந்த தேதி. பாஸ்போர்ட் எண். போர்டிங் பாஸை உருவி அதில் உள்ள பெயரையும் எழுத்து எழுத்தாகப் படித்தான். பின்னால் நின்ற யாரோ ஒரு பயணி அவசரத்தில் உச்சுக்கொட்டினார். அவன் திரும்பவில்லை. படித்துவிட்டுத்தான் என்று அவர்தானே சொன்னார்.

முடித்து, மூடினான்.

"சரியா இருக்குண்ணே" என்றான்.

கேலி இல்லை, கோபம் இல்லை. இனி எப்போதும் இப்படித்தான் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டான். மேனேஜர் காலிக் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு சட்டைப் பையிலிருந்து தம்முடைய பாஸ்போர்ட்டை எடுத்தார், திறந்தார், தம் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கடைசியில் போய் நின்றார்.